மோட்டாரை ‘ரெண்டாவது பொண்டாட்டி’ என்று சொல்வதை நிறுத்துங்கள்

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு காதுகுத்து விருந்து. சாப்பாடு முடிந்ததும் ஆண்களெல்லாம் கூடாரத்துக்கு வெளியே ஒரு பழைய யமஹா ஆர்எக்ஸ்ஸெட் மோட்டார்சைக்கிளைச் சுற்றி நின்றார்கள். புதுச் சாயம், புதுக் குரோம், நன்றாகத்தான் இருந்தது. எச்சில் இலையோடு அந்தப் பக்கம் போன மோட்டார்க்காரரின் மனைவியை ஒரு பெரியவர் கூப்பிட்டார். “வாம்மா, உன் சக்களத்தியைப் பாரு, எப்படி மினுக்கிறா!” எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு இலையைப் போடப் போனவள் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

குடும்ப நல ஆலோசகராக 14 ஆண்டுகளாக இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விருந்தில் சிரிப்பாகக் கேட்பதை என் அறையில் அழுகையாகக் கேட்கிறேன். அன்று வீட்டுக்கு வந்ததும் இதை எழுதியே தீர வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இந்த ஆண்டு என்னிடம் வந்த ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். இருவரின் சம்மதத்தோடும் அடையாளங்களை மாற்றியும் எழுதுகிறேன். கணவர் தொழிற்சாலை ஊழியர். அவரிடமும் ஓர் ஆர்எக்ஸ்ஸெட். அந்த வண்டி 2011க்குப் பிறகு தயாரிப்பிலேயே இல்லை. சாமான் தேடி எங்கெங்கோ அலைய வேண்டும், அவரும் அலைந்திருக்கிறார். முதல் நாள் அவர் இறுக்கமாக உட்கார்ந்திருந்ததால் பேச்சை மோட்டாரில் ஆரம்பித்தேன். (ஆண்கள் வாய் திறக்க அவர்களுக்குத் தெரிந்த இடத்தில் தொடங்க வேண்டும், இது எங்கள் தொழிலில் பழகிய வழி.) ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பாராம். நுனி பழுப்பாக இருந்தால் நலம், வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் பெட்ரோலோ அதோடு சேர்ந்து எரியும் டூடி எண்ணெயோ அதிகம். நிறத்தை வைத்தே எல்லாம் சொல்லிவிடுவேன் என்றபோது அவர் முகம் மலர்ந்தது.

“உங்க வீட்டுக்காரம்மா எத்தனை நாளா ராத்திரி சாப்பிடறதில்லன்னு தெரியுமா தம்பி?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் ஆகியிருந்தது.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது அவள் ஸ்கேன் எடுக்க கிளினிக்குக்குப் பக்கத்து வீட்டு அக்காவோடு போயிருக்கிறாள். இவருக்கு லீவு இல்லையாம். அடுத்த வாரம் திரங்கானுவில் ஆர்எக்ஸ்ஸெட் கூடல், அதற்கு இரண்டு நாள் லீவு கிடைத்தது. இதைக்கூட அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவள் அழுதது வேறோர் இடத்தில். வண்டி அழகாகத் தெரிய வேண்டும் என்று பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் இரண்டு கால்மிதிகளையும் அவர் கழற்றிவிட்டார். “அதுல எனக்குக் கால் வைக்கக்கூட இடமில்லக்கா” என்றாள்.

அந்தச் சக்களத்திப் பேச்சு வேண்டாம் என்று சொன்னால் எனக்கு வரும் பதில் எப்போதும் ஒன்றுதான். “விளையாட்டுக்குச் சொல்றது மேடம். அவளே சிரிக்கிறா.” இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். அவள் ஏன் சிரிக்கிறாள்? மாமனார், மாமியார், கொழுந்தனார், அக்கம்பக்கம் என்று 40 பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சிரிக்காவிட்டால் ‘மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டா’ என்ற பேச்சு மறுநாள் தாமான் (குடியிருப்பு) முழுக்கச் சுற்றும். அந்த நேரத்தில் அவளுக்குச் சிரிப்பைத் தவிர வேறு வழி வைத்தீர்களா? இரவு மெதுவாக, “மனசுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சுங்க” என்கிறாள். “இதுக்கெல்லாமா?” என்று நீங்கள் திரும்பிப் படுத்துக்கொள்கிறீர்கள். அடுத்த முறை உண்மையிலேயே ஒரு குறை, பிள்ளைக்குக் காய்ச்சல், வாடகை பாக்கி, பேச ஆள் இல்லை, எதைச் சொன்னாலும் “மோட்டார் மேல பொறாமை” என்று முடித்துவிடலாம். அவள் வாயைத் திறக்கும் முன்பே அவள் குறை சிரிப்பாகிவிட்டது. அந்த நகைச்சுவை செய்யும் வேலை இதுதான். அதனால்தான் அது விளையாட்டு இல்லை என்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. நம் சமூகத்தில் ‘ரெண்டாவது பொண்டாட்டி’ வெறும் வார்த்தை இல்லை. 1976ஆம் ஆண்டு திருமண, விவாகரத்துச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி அமலுக்கு வரும் வரை, முஸ்லிம் அல்லாத ஆண்கள் வழக்கப்படி இன்னொரு மனைவி கட்டுவதைச் சட்டம் தடுக்கவில்லை. தோட்டத்து லயத்து வீட்டில் சக்களத்தியோடு ஒரே அடுப்படியைப் பகிர்ந்த பாட்டிகள் நம் வீடுகளில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் பட்டதையா இன்று மோட்டாருக்குப் பட்டப்பெயராக வைப்பது?

“நான் குடிக்கல, கை நீட்டல, மோட்டாரைத்தானே துடைக்கிறேன்” என்பார்கள் சிலர். நல்லது. ஆனால் குடிக்காமல் இருப்பதும் அடிக்காமல் இருப்பதும் குடும்பம் நடத்துவதில் சேராது தம்பி.

மோட்டார் மேல் எனக்குப் பகை இல்லை. ரப்பர் தோட்டத்தில் வேலை, கோயில், தமிழ்ப்பள்ளி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை எல்லாம் நடை தூரத்தில் இருந்தன. தோட்டம் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் தாமானுக்கு வந்தபோது மோட்டார்தான் நமக்குக் கால். என் அப்பா பால்மரம் வெட்டி மிச்சம் பிடித்து வாங்கிய ஹோண்டா கப்பில்தான் நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்குப் போனோம். அதனால் மனைவிமாருக்கும் சொல்கிறேன், ‘அதை வித்துட்டு வா’ என்று மட்டும் தொடங்காதீர்கள். விற்ற இடத்தில் மீன்பிடித் தூண்டில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பிளக்கின் நிறத்தைப் படிக்கும் பொறுமை அவரிடம் இருக்கிறது. அதில் கொஞ்சம் உங்களுக்கு வேண்டும் என்று கேளுங்கள்.

கணவன்மாரே, வேலை முடிந்து வந்ததும் வண்டியைத் துடைக்கும் முன் உள்ளே போய், “பசியாறினியா, இன்னிக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டுவிட்டு வாருங்கள். பதில் முடியும் வரை கையில் துணி இருக்கக் கூடாது. மோட்டார்ச் செலவை வாய்க்கணக்காக வைக்காமல் வீட்டுக்கணக்குப் புத்தகத்தில் எழுதுங்கள். கிளினிக் தேதிக்கு முதலில் லீவு, கூடலுக்கு அப்புறம். நண்பர்களே, அந்தச் சக்களத்திப் பேச்சை எடுக்காதீர்கள், யாராவது எடுத்தால் சிரிக்காதீர்கள். மாமியார்மாரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், “ஆம்பளைன்னா அப்படித்தான்” என்று மருமகளிடம் சொல்லாதீர்கள்.

ஆலோசனைக்கு வருவதென்றால் சீக்கிரம் வாருங்கள். ஒருவர் மட்டும் விவாகரத்துக் கேட்டால், சில விதிவிலக்குகள் தவிர, முதலில் ஜேபிஎன் (தேசியப் பதிவுத் துறை) திருமணச் சமரசக் குழுவுக்குத்தான் போக வேண்டும். அதற்கு 6 மாத அவகாசம் உண்டு. பலர் அதைத்தான் ஆலோசனை என்று நினைத்துக் காத்திருக்கிறார்கள். அங்கே போகும் நாளில் பெண்ணின் துணிமணி தாய்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பதிவு பெற்ற ஆலோசகரா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள், கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். அடி, மிரட்டல் இருந்தால் தம்பதியாக என்னிடம் வர வேண்டாம். முதலில் உங்கள் பாதுகாப்பு: போலீஸ், மருத்துவமனை, தாலியான் காசே உதவித் தொலைபேசி 15999, எந்த நேரமும் அழைக்கலாம்.

அந்தத் தம்பதி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருக்கிறார்கள். இருவரும் இன்னும் தனித்தனியாகத்தான் வருகிறார்கள், அவர் மோட்டாரில், அவள் தம்பியின் காரில். போன தடவை அந்தக் கால்மிதிகளைப் பற்றி அவரிடம் கேட்டேன். தூக்கிப் போடவில்லையாம். துரு ஏறக் கூடாதென்று எண்ணெய் தடவி, துணியில் சுற்றி ஸ்டோரில் வைத்திருக்கிறாராம். அடுத்த தடவை மாட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.