படத்துக்குப் படம் கேமராவை அணைக்க வேண்டுமா?

கேமரா பேட்டரியைக் காலி செய்வது படங்களின் எண்ணிக்கைதான் என்று நினைப்போம். அது பாதி உண்மைகூட இல்லை. பல கேமராக்களில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே நாம் சும்மா இருக்கும்போதுதான் சார்ஜ் பெருமளவு கரைகிறது. அந்த நேரத்தில் கேமராவுக்குள் எதெல்லாம் விழித்திருக்கிறது என்று தெரிந்தால், அணைப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவை எடுத்துக்கொள்வோம். கண்ணை வைத்துப் பார்க்கும் சன்னலான வியூஃபைண்டரில் தெரியும் காட்சி, லென்ஸ் வழியாக வந்து கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கு வரும் வெளிச்சமேதான். அதைக் காட்ட மின்சாரம் வேண்டாம். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் ஒளிமானி விழிக்கும், வியூஃபைண்டரின் கீழ் விளிம்பில் ஷட்டர் வேகமும் அபெர்ச்சரும் (லென்ஸ் துளையின் அளவு) எண்களாக ஒளிரும். விரலை எடுத்த சில விநாடிகளில் அந்த எண்கள் மறைந்துவிடும். நிக்கான் டி850 என்ற டிஎஸ்எல்ஆரில் கம்பெனியே வைத்து அனுப்பும் நேரம் 6 விநாடி. எண்கள் மறைந்தால் கேமரா தூங்கிவிட்டது என்று பொருள், சுவிட்ச் 'ஆன்' பக்கம் இருந்தாலும். அதன் பிறகு அது இழுக்கும் மின்சாரம் மிகமிகக் குறைவு. எனவே டிஎஸ்எல்ஆரைப் படத்துக்குப் படம் அணைப்பது வீண்வேலை.

மிரர்லெஸ் கேமராவின் கதை வேறு. அங்கே கண்ணாடி இல்லை. நாம் பார்ப்பது, வெளிச்சத்தைப் பதிவுசெய்யும் சென்சார் விநாடிக்குப் பல பத்து முறை படித்து, பிராசஸர் காட்சியாக்கி, திரையில் ஓடவிடும் வீடியோ. ஒரு படமும் எடுக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாலும் சென்சார், பிராசஸர், திரை மூன்றும் முழுவேகத்தில் உழைக்கின்றன.

எவ்வளவு வித்தியாசம்? 'ஒரு சார்ஜில் இத்தனை படம்' என்று கம்பெனிகள் போடும் கணக்கு, ஜப்பானிய கேமரா தயாரிப்பாளர் சங்கமான சிபாவின் சோதனை முறையில் வருவது. 30 விநாடிக்கு ஒரு படம், 10 படத்துக்கு ஒருமுறை அணைத்துத் திரும்பப் போடுதல் என்று அதற்கு விதிகள் உண்டு. சோனி ஏ7 III என்ற மிரர்லெஸ், பின்பக்கத் திரையைப் பார்த்து எடுத்தால் 710 படம். அதாவது ஏறக்குறைய 6 மணி நேரம். அதன் பேட்டரி 16.4 வாட்-மணி, ஆகச் சராசரிச் செலவு 2.8 வாட். டி850 சுமார் 14 வாட்-மணி பேட்டரியில் 1840 படம், 15 மணி நேரத்துக்கும் மேல். சராசரி 0.9 வாட்டுக்குச் சற்று மேல். நடுவில் தூங்குவதால் கிடைக்கும் லாபம் இது.

'அணைத்துப் போட்டால் ஸ்டார்ட் ஆவதற்கே அதிக மின்சாரம் போகுமே?' என்று ஒரு பழைய பயம் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டார்ட் ஆக 2 விநாடி, அப்போது வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மின்சாரம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அது 4 விநாடி திரையைப் பார்ப்பதற்குச் சமம். ஐந்து விநாடிக்கு மேல் இடைவெளி என்றாலே அணைப்பது லாபம்தான்.

ஆனால் அந்த லாபத்துக்குச் சுவிட்சைத் தொடவே தேவையில்லை. மெனுவில் தானாகத் தூங்கும் நேரத்தை 30 விநாடி அல்லது 1 நிமிடம் என்று வைத்தால் போதும், பாதி அழுத்தத்தில் கேமரா எழுந்துவிடும். படம் எடுப்பதற்கு ஒரு விநாடி முன்பே அழுத்திவிடும் பழக்கம் வந்துவிட்டால் தாமதம் தெரியாது. இன்னொன்று: கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டால் வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் உள்ள கண் சென்சார் சட்டையை முகம் என்று நினைத்து வியூஃபைண்டருக்குள் இருக்கும் சின்னத் திரையை எரியவிடும். பேட்டரி ஏன் இவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று குழம்புகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

லென்ஸ் நீண்டு வெளியே வரும் சின்ன காம்பாக்ட் கேமராக்களில் மட்டும் சுவிட்சுக்குத் தனிக் கணக்கு. அதில் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் குழாய்களை ஒரு சின்ன மோட்டார் பிளாஸ்டிக் பல்சக்கரங்களால் தள்ளுகிறது. ஒவ்வொரு முறை போடும்போதும் அணைக்கும்போதும் அத்தனை சக்கரமும் சுற்றியாக வேண்டும். ஒரு மணல் துகள் குழாய்களின் இடுக்கில் போனால் போதும், லென்ஸ் பாதி வழியில் நின்று, திரையில் 'லென்ஸ் எரர்' என்று வரும். அதனால் பத்து விநாடிக்கு ஒரு படம் எடுக்கும்போது அணைக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் வேலையில்லை என்றால் அணையுங்கள். நீட்டிய லென்ஸோடு கையை வீசி நடப்பது அதைவிட ஆபத்து.

தூக்கம் போதாது, அணைத்தே ஆக வேண்டும் என்ற இடங்களும் உண்டு. பைக்குள் போடும்போது அணையுங்கள். உள்ளே ஏதாவது ஷட்டர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் கேமரா தூங்கவே தூங்காது. லென்ஸ் மாற்றும்போதும் அணையுங்கள். கேனான் இஓஎஸ் ஆர் போன்ற சில மிரர்லெஸ் கேமராக்கள் அணைத்ததும் ஷட்டரை மூடிச் சென்சாரைத் தூசியிலிருந்து மறைத்துக்கொள்ளும். தூங்கும்போது மூடும் என்று நம்பிவிடக் கூடாது. வெயிலில் நீண்ட நேரம் வீடியோ எடுக்கிறீர்கள் என்றால் இடைவேளைகளில் அணைப்பது சென்சார் சூட்டைக் குறைக்கும். சூடேறிய சென்சாரில் படத்தின் இருட்டுப் பகுதிகளில் 'நாய்ஸ்' எனப்படும் தேவையற்ற புள்ளிகள் கூடும்.

கார்டை எடுக்கும்போது மட்டும் சுவிட்சை நம்பாதீர்கள். பர்ஸ்டில், அதாவது பொத்தானை விடாமல் அழுத்தித் தொடர்ச்சியாக, முப்பது படம் எடுத்ததும் 'ஆஃப்' செய்தால், பெரும்பாலான கேமராக்கள் உள்ளிருக்கும் தற்காலிக நினைவகத்தில் தங்கியதைக் கார்டில் எழுதி முடித்த பிறகே உண்மையில் அணையும். திரை இருண்டிருக்கும், கார்டு மூடிக்குப் பக்கத்தில் உள்ள சின்ன விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்து கார்டையோ பேட்டரியையோ உருவினால், கடைசிப் படங்கள் மட்டுமல்ல, கார்டின் கோப்பு அட்டவணையே சிதைந்து முன்பு எடுத்தவையும் திறக்காமல் போகலாம். விளக்கு நின்ற பிறகு மூடியில் கை வையுங்கள்.