ஆட்சி மாறினால் பட்டா செல்லாதா?

"எலக்‌ஷன் முடியட்டும் சார், நம்ம ஆளுங்க வந்ததும் பார்த்துக்கலாம்." தருமபுரியில் நில வழக்குகள் பார்க்கும் எனக்கு இதைக் கேட்டாலே இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. இதற்கு நேர்மாறாகப் பேசுகிறவர்களும் உண்டு. போன ஆட்சியில் கொடுத்த பட்டா இந்த ஆட்சியில் ரத்தாகிவிடும் என்று பயந்து, புதுப்பித்துத் தருவதாகச் சொன்ன புரோக்கரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வருவார்கள். பட்டாவைப் புதுப்பிப்பது என்று ஒரு நடைமுறையே கிடையாது. அது என்ன ஓட்டுநர் உரிமமா?

நில ஒப்படை ஆணை, அதாவது அரசு நிலத்தை உங்களுக்கு ஒதுக்கித் தரும் ஆணை, அரசின் ஆணை, கட்சியின் பரிசு அல்ல. அதை ரத்து செய்ய வேண்டுமானால் உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, விசாரித்து, காரணம் எழுதித்தான் செய்ய முடியும். 1892-இல் வெள்ளைக்காரன் காலத்து ஆணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கொடுத்த பஞ்சமி நிலத்தை, பட்டியல் சாதியினர் அல்லாதவர் இன்றைக்கும் வாங்க முடியாது, வாங்கினால் செல்லாது. வெள்ளைக்காரனே போய்விட்டான், நிபந்தனை போகவில்லை.

அப்படியென்றால் நிலம் எங்கே பறிபோகிறது? கிராமக் கணக்கில். அண்மையில் பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். 2006-இல் நிலமற்றவர்களுக்கு இரண்டு ஏக்கர் வரை தரும் திட்டம் தொடங்கியதே, அதில் கிடைத்த நிலம். ஆணையில் சர்வே எண், நான்கெல்லை எல்லாம் சரியாக இருக்கிறது. கிராமத்தின் நிலங்களையெல்லாம் பட்டியலிடும் அ பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் அதே எண் இன்னும் 'தீர்வை ஏற்பட்ட தரிசு', அதாவது அரசின் தரிசு நிலம், என்றே நிற்கிறது. சர்வேயர் வந்து அளக்கவில்லை, உட்பிரிவு செய்யவில்லை, சிட்டாவில் பெயர் ஏறவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் கல்கால் நட்டு, கம்பி இழுத்து, மாங்கன்று வைத்து, அது காய்ப்புக்கும் வந்துவிட்டது.

இத்தனை வருடம் ஏன் கேட்கவில்லை என்றேன். "அவங்க காட்டுலதானே சார் கூலிக்குப் போறோம்" என்றார்.

அந்த நிலையை மாற்றத்தான் நிலம் கொடுக்கப்பட்டது. சட்டம் படித்தவர்கள் இதை உருமாற்ற நீதி என்பார்கள். இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதோடு நிற்காமல், இழக்க வைத்த உறவையே மாற்றுவது. மேடையில் காகிதம் கொடுத்தாயிற்று. அதைக் கணக்கில் ஏற்ற வேண்டிய அலுவலர் மாறுதலில் போனார், ஆட்சியும் மாறியது, கோப்பு அப்படியே தூங்கியது. கூலி கொடுக்கிறவரின் வேலி மட்டும் தூங்கவில்லை.

அடுத்தது பி மெமோ. இதை எத்தனை முறை சொன்னாலும் ஏறுவதில்லை. "முப்பது வருஷமா வரி கட்டுறோம் சார்" என்று ரசீதுக் கட்டை அவிழ்த்து மேஜையில் பரப்புவார்கள். அய்யா, அது வரி இல்லை. அரசு நிலத்தை ஆக்கிரமித்திருக்கிறீர்கள் என்று 1905-ஆம் வருடச் சட்டப்படி போடும் தண்டம். ஒவ்வொரு முறை கட்டும்போதும் 'இது அரசு நிலம்தான்' என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். பன்னிரண்டு வருடம் அனுபவித்தால் சொந்தம் என்று டீக்கடையில் சொல்லும் கணக்கு தனியார் நிலத்துக்கு. அதற்கும் ஆயிரம் நிபந்தனை. அரசுக்கு எதிராக முப்பது வருடம் வேண்டும். அதற்கும் இந்த ரசீதுகளே எதிர் சாட்சி. நிலம் தரிசாக இருந்தால், இந்த ரசீதுகளை அனுபவத்துக்கு ஆதாரமாக வைத்து ஒப்படை கேட்டு மனு செய்யலாம், அவ்வளவுதான். ஏரி, ஓடைப் புறம்போக்கு என்றால் எந்த ஆட்சி வந்தாலும் எதிர்பார்க்காதீர்கள்.

சித்தேரி, பெட்டமுகிலாளம் பக்கத்து மலைக்காரர்களுக்கு வழி வேறு. 2006 வன உரிமைச் சட்டப்படி கிராம சபையில் மனு கொடுக்க வேண்டும். பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்திருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமும் ஆதாரம்தான். உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரும். மனு முடிவாகும் வரை உங்களை வெளியேற்றக் கூடாது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? கையில் இருக்கும் ஆணையை எடுங்கள். வருவாய்த் துறை இணையதளத்தில் சிட்டாவையும் அ பதிவேட்டையும் பாருங்கள், காசு கிடையாது. பெயர் இல்லையென்றால் தாசில்தாருக்கு எழுதுங்கள். வருடாந்தரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் கிராமக் கணக்குகளே மேஜைக்கு வரும், அந்த நாளை விடாதீர்கள். தேர்தல் நடத்தை விதி வந்தால் புதுப் பட்டா வழங்கும் விழா நிற்கும். ஆனால் ஸ்பீடு போஸ்டில் மனு அனுப்புவதை யாரும் தடுக்கவில்லை. அனுப்பிய ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். ஆணையின் அசலை எந்தக் கட்சிக்காரரிடமும், ஏன் என்னிடமும்கூட, கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். நகல் போதும். ஆணையில் இருக்கும் நிபந்தனைகளை யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நிபந்தனை தெரியாமல் அவசரத்துக்கு விற்று நிலத்தையே தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

ஓசூர், சூளகிரிப் பக்கம் சிப்காட் (அரசின் தொழிற்பேட்டை) என்று பேச்சு அடிபட்டால் இன்னும் சீக்கிரம் செய்யுங்கள். இழப்பீட்டுப் பட்டியல் கணக்கில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தயாராகும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். மனு எழுத வரும்போது சர்வே எண்ணை மட்டும் தயவுசெய்து சரியாகக் கொண்டு வாருங்கள்.