கார்டு எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால்…

ஷூவைக் கழற்றச் சொன்னதும் அவர் தயங்கினார். கழற்றியபோது சாக்ஸ் புண்ணோடு ஒட்டிப்போயிருந்தது. பத்து வருடச் சர்க்கரை நோயாளி. கிடங்கு ஒன்றில் இரவு ஷிப்ட் வேலை. புண் வந்து ஏழு வாரம் ஆகிறதாம். "முன்னாடியே வந்திருக்கலாமே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "பகல்ல தூங்கலைன்னா ராத்திரி வேலைக்குப் போக முடியாது டாக்டர். போகலைன்னா அன்னிக்குச் சம்பளம் இல்லை" என்றார்.

என்னைப் பார்க்க அவர் ஒரு காசும் தர வேண்டியதில்லை. நான் வேலை பார்க்கும் இடத்தில் மருத்துவக் காப்பீடு எல்லாருக்கும் உண்டு. ஆனாலும் அந்த இலவச ஆலோசனைக்கு அவர் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும்.

அதற்காகக் காப்பீட்டால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1970 நவம்பரில் அனைவருக்குமான காப்பீடு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் அங்குள்ள மான்ட்ரியல் நகரில் கணக்கெடுத்தார்கள். சராசரியாக ஒருவர் ஆண்டுக்கு 5 முறை டாக்டரைப் பார்த்தது அப்படியே இருந்தது. ஆனால் குறைந்த வருமானக்காரர்கள் கூடுதலாக வந்தார்கள், வசதியானவர்கள் வருவது குறைந்தது. அதே நாட்டில் சஸ்காச்சுவான் மாகாணம் 1968-இல் ஒவ்வொரு முறைக்கும் சிறு கட்டணம் விதித்துப் பார்த்தது. மொத்தத்தில் டாக்டரைப் பார்ப்பது 6, 7 சதவீதம்தான் குறைந்தது. ஏழைகளிடையே சுமார் 18 சதவீதம் குறைந்தது. 1971-இல் அதைக் கைவிட்டார்கள்.

"இலவசம் என்றால் சும்மா சும்மா வருகிறார்கள்" என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறைந்த வருமானக்காரர்கள் அதிகம் வருவதற்குக் காரணம் அவர்களுக்கு நோய் அதிகம் என்பதுதான். வளர்ந்த நாடுகள் 21-ஐ ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. நோயின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், பொது மருத்துவரைப் பார்ப்பதில் பெரும்பாலான நாடுகளில் வருமான வித்தியாசம் தெரியவில்லை. சிறப்பு மருத்துவர் என்று வந்ததும், விவரம் கிடைத்த எல்லா நாடுகளிலும் தராசு வசதியானவர்கள் பக்கம் சாய்ந்தது.

ஆக, முதல் கதவு திறந்துதான் இருக்கிறது. சிக்கல் இரண்டாவது கதவில்.

அங்கே என்ன நடக்கிறது என்பதை கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து மாரடைப்பு நோயாளிகளை வைத்து 1999-இல் காட்டினார்கள். வசதி மிகுந்த பகுதிகளில் வசிப்பவர்களுக்கு, வசதி மிகக் குறைந்த பகுதிக்காரர்களைவிட 23 சதவீதம் அதிகமாக ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டிருந்தது. காத்திருந்த நேரமோ 45 சதவீதம் குறைவு. எல்லாரிடமும் இருந்தது ஒரே காப்பீட்டு கார்டு.

இதை யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. என் அறையிலேயே நடப்பதுதான். நெஞ்சு லேசாக அழுத்துகிறது என்று வரும் அலுவலக அதிகாரி, உட்கார்ந்ததும் "எதுக்கும் ஒரு ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்த்துடலாமா?" என்கிறார். இரண்டு நிமிடத்தில் கடிதம் தயார். அதே அழுத்தத்தோடு வரும் துப்புரவுப் பணியாளர் "நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்கிறார். "மாத்திரை தர்றேன், குறையலைன்னா வாங்க" என்கிறேன். திரும்பி வர அவருக்கு இன்னொரு நாள் கூலி போகும் என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறுவதில்லை.

வரவேற்பு மேசையும் விதிவிலக்கல்ல. அதே மாகாணத்தின் டொராண்டோ நகரில் 375 குடும்ப மருத்துவர் அலுவலகங்களுக்கு, புதிய நோயாளி பேசுவதுபோல் போன் செய்து பார்த்தார்கள். வங்கி ஊழியர் என்று சொன்னவர்களில் 22.6 சதவீதம் பேருக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. அரசு உதவித்தொகையில் வாழ்கிறேன் என்றவர்களில் 14.3 சதவீதம் பேருக்குத்தான். யாரைப் பார்த்தாலும் டாக்டருக்குக் கிடைக்கும் கட்டணம் ஒன்றே. இதைப் படித்த பிறகுதான் எங்கள் கிளினிக்கின் போன் உரையாடல்களைக் காதுகொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். அது தனிக் கதை.

நோயாளிகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: லீவு கிடைக்காது என்றால் கூச்சப்படாமல் கவுன்டரிலேயே சொல்லுங்கள், முதல் டோக்கனைக் கேளுங்கள். "இதுக்கு ஸ்பெஷலிஸ்ட் பார்க்கணுமா, வேண்டாம்னா ஏன்?" என்று டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. போன் நம்பர் மாறினால் தெரிவியுங்கள்; ஸ்கேன் தேதி சொல்ல அழைப்பு வந்து, யாரும் எடுக்காமல் பெயர் விட்டுப்போனவர்கள் நிறைய. அப்புறம் மாத்திரை. பல இடங்களில் காப்பீடு டாக்டர் கட்டணத்தை ஏற்கும், வெளியே வாங்கும் மருந்தை முழுதாக ஏற்காது. காசு போதாமல் பாதிப் பாதியாக விழுங்குகிறீர்கள் என்றால் சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரியாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து நான் அளவைக் கூட்டிவிடுவேன்.

கால் புண்காரரைக் கடிதம் கொடுத்து அனுப்பவில்லை. நானே சிறப்பு மருத்துவருக்குப் போன் போட்டு, ஷிப்ட் முடிந்து நேராகப் போகிற மாதிரி நேரம் வாங்கினேன். சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று, கால் தப்பியது. அடுத்த முறை வந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். கூட வேலை பார்ப்பவரின் பெயர் அதில் இருந்தது. "இவனுக்கும் கால் மரத்துப்போகுதாம் டாக்டர். காலைல ஏழரைக்கே வந்தா பார்ப்பாங்கன்னு சொல்லிட்டேன். சரிதானே?"