ஃபெரோமோன்: இனக்கவர்ச்சியா, மணக்குறியா?

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு 'இனக்கவர்ச்சிப் பொறி' பழகிய சொல். காப்பிச் செடியைக் குடைந்து சாகடிக்கும் வெள்ளைத் தண்டுத்துளைப்பானுக்காக அதை வைக்கிறார்கள். ஆண் வண்டு விடும் வாசனையைச் செயற்கையாகத் தயாரித்துப் பொறியில் வைத்தால், துணை தேடிப் பெண் வண்டு வந்து மாட்டிக்கொள்ளும். அந்த வாசனைப் பொருள்தான் ஃபெரோமோன். அதற்குத் தமிழில் 'இனக்கவர்ச்சி' என்றே சொல்லிவிடலாமா என்பதுதான் கேள்வி.

கிரேக்கத்தில் 'ஃபெரெய்ன்' என்றால் சுமந்து செல்வது. 'ஹோர்மான்' என்றால் தூண்டுவது. இரண்டையும் இணைத்து 1959-இல் பீட்டர் கார்ல்சனும் மார்ட்டின் லூஷரும் இந்தச் சொல்லை உருவாக்கினார்கள். ஓர் உயிர் வெளியே விடும் பொருள், அதே இனத்தின் இன்னோர் உயிரை ஏதாவது செய்யத் தூண்ட வேண்டும். அதுதான் வரையறை.

பொறிக்கு 'இனக்கவர்ச்சி' கச்சிதமான சொல். ஆனால் எறும்பு போட்டுக்கொண்டே போகும் தட வாசனையும் ஃபெரோமோன்தான், ஆபத்தில் சிக்கிய தேனீ விடும் எச்சரிக்கை வாசனையும் ஃபெரோமோன்தான். இவற்றில் கவர்ச்சி எங்கே இருக்கிறது? பூக்களின் பக்கம் வந்தால் இந்தச் சிக்கல் இன்னும் முற்றுகிறது.

நீலகிரிப் புல்வெளிகளிலும் பழனி மலையிலும் செரோப்பீஜியா வகைச் செடிகள் உண்டு. பூவைக் கையருகே வைத்துப் பாருங்கள்: அடியில் குமிழ் போல் உப்பி, மேலே ஒடுங்கிய குழாய், உச்சியில் சேர்ந்து நிற்கும் இதழ் நுனிகள். வாசனை பிடித்து வரும் பொடி ஈ, குழாய்க்குள் வழுக்கி விழும். உள்ளே கீழ்நோக்கிய மயிர்கள் இருப்பதால் ஏற முடியாது. அப்புறம் மயிர்கள் வாடியதும், மகரந்தக் கட்டியை வாயில் ஒட்டிக்கொண்டு வெளியேறும்.

இதே பேரினத்தில் தென்னாப்பிரிக்காவில் ஒரு செடி இருக்கிறது. அதன் பூ, அடிபட்ட தேனீயின் வாசனையை அப்படியே விடுகிறது. சிலந்தியின் வாயில் சிக்கிய தேனீயிடமிருந்து கசியும் சாற்றைக் குடிக்கும் ஒருவகை ஈ, விருந்து என்று நம்பி வந்து பூவுக்குள் விழுகிறது. வாசனையில் தேனீயின் எச்சரிக்கைப் பொருள்களும் உண்டு; ஆனால் தேனீயும் அங்கில்லை, இனச்சேர்க்கையும் இல்லை. அதை 'இனக்கவர்ச்சி' என்று மொழிபெயர்த்தால் பொருளே தலைகீழாகிவிடும்.

என் பரிந்துரை இது. ஃபெரோமோனுக்குப் பொதுவாக 'மணக்குறி' என்போம். ஆண் பெண் ஈர்ப்புக்கு மட்டும் 'இனக்கவர்ச்சி' இருக்கட்டும். உழவர்கள் நாவில் நிலைத்த சொல்லை மாற்றத் தேவையே இல்லை. பூ விடுவதை ஃபெரோமோன் என்றே சொல்லக்கூடாது. வேறு இனத்தை வசப்படுத்தித் தனக்கு ஆதாயம் தேடும் பொருளுக்கு அறிவியலில் 'அல்லோமோன்' என்று தனிப்பெயர் உண்டு. 'அல்லோஸ்' என்றால் மற்றது. இன்னொரு உயிரின் மணக்குறியை அது போலி செய்தால் 'போலி மணக்குறி' எனலாம். சேனைப் பூவின் பிண வாடைக்கு அதுவும் பொருந்தாது. அழுகல் யாருக்கும் அனுப்பிய குறி அல்லவே. அங்கே 'போலி வாடை' போதும்.