கடை வாசலில் நிற்கும் வண்டி யாருடையது?

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை வாசல், மாலை ஆறு மணி. பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்திருந்த ஒரு அம்மா, கையில் கட்டைப்பையோடு, வெளியே அடுக்கியிருந்த குத்துவிளக்குகளைப் பார்த்து நின்றார். பத்து நொடிகூட ஆகியிருக்காது, பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. ஒதுங்கலாம் என்றால் கடை ஓரம் முழுக்க மோட்டார் சைக்கிள்கள். அவர் அப்படியே நடந்து போய்விட்டார். அவர் வந்ததும் போனதும் உள்ளே இருந்த கடைக்காரருக்குத் தெரியாது.

நான் சாலை, வடிகால் வேலைகளுக்கு வரைபடம் போடும் சிவில் இன்ஜினீயர். டெல்டா ஊர்களின் கடைத்தெருக்களை இருபது வருடமாக டேப் பிடித்து அளந்துகொண்டிருக்கிறேன். நடப்பவர்களுக்கு இடம் விடலாம் என்று பேச்செடுத்தாலே கடைக்காரர்கள் சொல்வது ஒன்றுதான்: "வண்டி நிறுத்த இடமில்லன்னா எவன் சார் கடைக்கு வருவான்? பைபாஸ் பக்கம் போயிடுவாங்க." வாடகை, வட்டி, ஆள் சம்பளம் எல்லாம் தலைமேல் இருக்கும்போது இந்தப் பயம் வரத்தான் செய்யும். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஒரு நாள் ஒரு ஜவுளிக்கடைக்காரரிடம், "அண்ணே, ஒரு மணி நேரம் வாசல்ல உட்கார்ந்து எண்ணிப் பார்ப்போமா?" என்று கேட்டேன். ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். கடைக்குள் வந்தவர்களில் காரிலிருந்து இறங்கியது ஒரே ஒரு குடும்பம். டூவீலரில் சிலர் வந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கியோ, பக்கத்துத் தெருவிலிருந்தோ நடந்து வந்தவர்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 2006-ல் இதே கேள்வியை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வாடிக்கையாளரில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் நினைத்திருந்தார்கள். உண்மையில் வந்தவர்கள் 22 சதவீதம். அங்கேயே அப்படி என்றால், காரில்லாத வீடுகள் அதிகமுள்ள நம் ஊரைச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று கேட்டேன். "வாசல்ல நிக்கிற இந்த வண்டியெல்லாம் யாரோடது?" அவர் எழுந்துபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்று அவருடையது. இரண்டு அவர் கடைப் பையன்களுடையது. மூன்று பக்கத்துக் கடைக்காரர்களுடையது. காலை பத்து மணிக்கு நிறுத்தினால் இரவு ஒன்பதுக்குத்தான் எடுப்பார்கள். நான் போன பல தெருக்களில் இதே கதைதான். பத்தடி அகலக் கடைக்கு முன்னால் பன்னிரண்டு, பதின்மூன்று அடி நீளக் கார் ஒன்று நின்றால் கடையே மறைந்துவிடும். போர்டுக்கும் லைட்டுக்கும் லட்சக்கணக்கில் செலவு செய்துவிட்டு, அதை நம் வண்டியாலேயே நாம் மூடி வைக்கிறோம்.

நடைபாதையைப் பற்றியும் சொல்லவேண்டும். கடைவீதி நடைபாதையில் தடையில்லாமல் குறைந்தது 2.5 மீட்டர் அகலம் வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது, சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல். நம் தெருக்களில் என்ன இருக்கிறது? சாக்கடை மேல் போட்ட சிலாப். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, சாலை ஏறிக்கொண்டே போகிறது. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்கக் கடைக்காரர் தரையை உயர்த்துகிறார், ஒரு படி கட்டுகிறார். அடுத்த கடை இரண்டு படி. அதற்கடுத்தவர் வண்டி ஏற்றச் சாய்தளம். முட்டி வலியுள்ள ஒருவர் அந்தச் சிலாப் மேல் பத்து கடையைத் தாண்ட எத்தனை முறை ஏறி இறங்கவேண்டும் என்று நடந்து பாருங்கள். அவர் ரோட்டில் இறங்கி நடக்கிறார் என்றால் அது அவர் குற்றமில்லை. டெல்டா தட்டையான நிலம், தண்ணீர் தானாக ஓட வாட்டம் குறைவு. அதனால் இங்கே நடைபாதையையும் வடிகாலையும் சேர்த்தே அளவெடுக்கவேண்டும். தனித்தனி டெண்டரில் போட்டால் ஐப்பசி மழையில் இரண்டும் கெட்டுப்போகும்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கிராமத்திலிருந்து பெண்கள் அவர்கள்பாட்டுக்குக் கிளம்பி டவுனுக்கு வருகிறார்கள். அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் துணி, பாத்திரம், நகை வாங்கப்போவது அவர்கள்தான். அவர்களுக்குக் கடைத்தெருவில் ஒரு சுத்தமான கழிப்பறை இருக்கிறதா? உட்கார ஒரு திண்ணை, சித்திரை வெயிலுக்கு ஒரு பந்தல்? கழிப்பறை இல்லாததால் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து, வாங்கவேண்டியதைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறும் பெண்களை எனக்குத் தெரியும். இதை எந்த வியாபாரிகள் கூட்டத்திலும் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கும்பேஸ்வரர் கோயில் கிழக்கு வாசலில் உள்ளே போகும் நீண்ட மண்டபத்தைப் பாருங்கள். பூ, குங்குமம், பொம்மை என்று கடைகள், நடுவே மனிதர்கள் மட்டும். வண்டி இல்லாத கடைத்தெரு நமக்குப் புதிதில்லை.

சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் நடப்பவர்களுக்காகத் திறந்ததுபோல் பெரிய வளாகம் எல்லாம் நமக்குத் தேவையில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் வண்டிகள் நுழையாமலிருக்கப் போலீஸ் வைக்கும் தடுப்பை, வாரத்தில் இரண்டு மாலை, ஐந்திலிருந்து ஒன்பது வரை வைத்துப் பார்க்கலாம். சரக்கு லாரி விடியற்காலையில் இறக்கிவிட்டுப் போகட்டும். வயதானவர்களுக்கு ஆட்டோ தெருமுனை வரை வரட்டும். கடைக்காரர்கள், வேலையாட்கள் வண்டிகளுக்குத் தெருவுக்கு வெளியே ஓர் இடம் பிடியுங்கள், முதல் வேலை அதுதான். பூக்காரம்மாவையும் தள்ளுவண்டியையும் விரட்டாதீர்கள். 2014 சாலையோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது, அவர்கள் இருந்தால்தான் தெருவில் ஆள் நிற்கும்.

2028-ல் மகாமகம். அதற்கு முன்னால் கும்பகோணத்தில் சாலை வேலைகள் வரும். டெண்டருக்கு முன்பே வியாபாரிகள் சங்கம் மாநகராட்சிக்குப் போய் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும். பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடுகிறார்களா? நடைபாதை முதல் கடையிலிருந்து கடைசிக் கடை வரை ஒரே மட்டத்தில் போகிறதா? இந்த இரண்டையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.