மொட்டை டயரும் மூன்று மில்லிமீட்டர் தண்ணீரும்

“வண்டி 45,000 கி.மீ. ஓடிவிட்டது. டயர் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மாற்ற வேண்டுமா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கிலோமீட்டரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே மாடல் டயர் ஒரு வண்டியில் 30,000 கி.மீ.யிலேயே தேய்ந்துவிடும், இன்னொன்றில் 60,000 தாண்டியும் ஓடும். ஓட்டுகிற விதம், சுமை, காற்றழுத்தம், சாலை எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிற விஷயம் அது. காடியின் ஆழம், டயரின் வயது, சைடு வாலின் (டயரின் பக்கச் சுவரின்) நிலை ஆகிய மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

டயரின் மேல் எழும்பி நிற்கும் ரப்பர் கட்டிகளான பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளத்தைத்தான் காடி என்கிறேன். புது கார் டயரில் அது சுமார் 8 மி.மீ. ஆழம் இருக்கும். அது 1.6 மி.மீ. ஆகக் குறையும்வரை ஓட்டப் பல நாடுகளின் சட்டம் அனுமதிக்கிறது. காடியின் அடியில் குறுக்கே சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். அவற்றின் உயரமும் 1.6 மி.மீ.தான். மேடும் பட்டனும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த டயர் முடிந்தது. மேடு கண்ணில் படவில்லையென்றால், டயரின் பக்கவாட்டு மேல்விளிம்பில் சிறு முக்கோணமோ ‘டி.டபிள்யூ.ஐ.’ என்ற எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேராகத் தேடுங்கள். அளவுகோல் வைத்து அளப்பவர்கள் மேட்டின் மேல் வைக்காமல், உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடங்களிலும், சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடங்களிலும் அளந்து, கிடைத்ததில் மிகக் குறைந்த அளவையே கணக்கில் எடுக்க வேண்டும்.

சட்டம் 1.6 என்றாலும், மழையில் ஓடும் வண்டிக்கு 3 மி.மீ.யிலேயே டயரை மாற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

1,200 கிலோ கார் என்றால் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 300 கிலோ. காற்று 32 பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு 2.25 கிலோ. வகுத்துப் பார்த்தால், டயரின் ரப்பர் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 130 சதுர செ.மீ. விரித்து வைத்த ஒரு கையின் அளவுதான். இடையிலுள்ள காடிகளையும் சேர்த்து அதன் அகலம் 15 செ.மீ., நீளம் 11 செ.மீ. என்று கொள்வோம். மணிக்கு 90 கி.மீ., அதாவது நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஒரு பட்டன் இந்தப் பரப்பைக் கடக்க எடுக்கும் நேரம் ஒரு நொடியில் 200-இல் ஒரு பங்குகூட இல்லை. சாலையில் 3 மி.மீ. தண்ணீர் நின்றால், ஒவ்வொரு சக்கரமும் நொடிக்கு 11 லிட்டருக்கு மேல் என்ற வீதத்தில் தண்ணீரை அந்த நேரத்துக்குள் ஒதுக்கியாக வேண்டும்.

எங்கே ஒதுக்கும்? ஒரு பகுதி முன்னாலும் பக்கவாட்டிலும் சிதறும். மீதியைக் காடிகள் வாங்கிக்கொள்ளும். 8 மி.மீ. அகலத்தில் நான்கு காடிகள் என்று வையுங்கள். புது டயரில் அவை நொடிக்கு 6.4 லிட்டரை, அதாவது வழியிலுள்ள தண்ணீரில் பாதிக்கு மேல், வாங்கிக்கொள்ளும். 3 மி.மீ. ஆழத்தில் அது 2.4 லிட்டராகிவிடும். 1.6 மி.மீ.யில் வெறும் 1.3 லிட்டர், ஒன்பதில் ஒரு பங்குதான். போக்கிடமில்லாத தண்ணீர் டயருக்கு முன்னால் ஆப்பு மாதிரி திரண்டு, ரப்பரைச் சாலையிலிருந்து தூக்கத் தொடங்கும். முழுதாகத் தூக்கிவிட்டால் ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது, பிரேக் அழுத்தினாலும் நிற்காது. இதைத்தான் அக்வாபிளேனிங் என்கிறார்கள்.

எந்த வேகத்தில் தூக்கும் என்பதற்கு ஓர் அழகான சூத்திரம் உண்டு. 1963-இல் நாசாவின் லாங்லி மையத்தில் வால்டர் ஹார்னும் ராபர்ட் டிரெஹரும் தந்தது. காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ.யில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 16.7-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கி.மீ. என்று வரும். 32 பி.எஸ்.ஐ.க்கு 94 கி.மீ.; காற்று 25-க்கு இறங்கியிருந்தால் 83 கி.மீ. காடியின் ஆழத்தைவிடத் தண்ணீர் ஆழமாக நிற்கும்போதுதான் இது பொருந்தும். மொட்டை டயருக்கு எந்தத் தூறலும் ஆழம்தான். விமானங்கள் ஈர ஓடுபாதையில் சறுக்குவதை ஆராயப் பொதுப் பணத்தில் நடந்த வேலை அது. அறுபது ஆண்டுகளாக ஒவ்வொரு கார் ஓட்டுநருக்கும் பயன்படுகிறது. ஆராய்ச்சிக்குச் செலவிடுவது வீண் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காய்ந்த சாலையில் தேய்ந்த டயர் நன்றாகவே பிடிக்கும். பட்டன் குட்டையாவதால் நெளிவது குறைகிறது. அதனால் முதல் பெருமழை வரும்வரை ஓட்டுநருக்கு எதுவுமே தெரியாது.

தேய்ந்த விதமும் பேசும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. ஆங்காங்கே குழிகுழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரையும் வீல் பேலன்சிங்கையும் பாருங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும். நைட்ரஜன் நிரப்பினால் டயர் தேயாது என்பது வெறும் நம்பிக்கை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காற்று பார்ப்பதே உண்மையில் உதவும்.

ஆழம் இருந்தாலும் வயது விடாது. சைடு வாலில் ‘டி.ஓ.டி.’ எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் பிறந்த தேதி: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். காற்றிலுள்ள ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டுகிறது. அதைத் தடுக்க ரப்பரில் மெழுகு கலந்திருப்பார்கள். டயர் உருண்டு நெளியும்போதுதான் அது மேற்பரப்புக்குக் கசிந்து கவசமாகப் படியும். அதனால்தான் ஓடாமல் நிற்கும் காரின் டயரில் மயிரிழை வெடிப்புகள் சீக்கிரம் வருகின்றன. ஆறு ஆண்டானால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து ஆண்டானால் ஆழம் பார்க்காமல் கழற்றுங்கள். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். சைடு வாலில் புடைப்பு தெரிந்தால் உள்ளே நூலிழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அதை அன்றே மாற்ற வேண்டும். சைடு வாலில் பஞ்சர் என்றாலும் ஒட்டக் கூடாது.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் புதியவற்றைப் பின்னால் போடுங்கள், முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டியானாலும். ஈரத்தில் முன்சக்கரம் பிடி விட்டால் ஸ்டியரிங் லேசாகும், வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பும். பின்சக்கரம் விட்டால் வண்டியின் பின்புறமே சுழன்று முன்னால் வந்துவிடும். அதைச் சமாளிக்கப் பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை.