விழ வேண்டிய புரோகிராமை விழ விடுங்கள்

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் எழுதும் நிரல்களைப் படித்துப் பார்ப்பதும் என் வேலைதான். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு பழக்கம் மட்டும் பலரிடமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முழு நிரலையும் ஒரு பெரிய ட்ரை-கேட்சுக்குள் (எரர் வந்தால் புரோகிராம் விழாமல் அதைப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு) போட்டுவிடுவார்கள். எந்த எரர் வந்தாலும் பிடித்து, ஒரு வரி லாக் எழுதிவிட்டு (சில நேரம் அதுவும் இல்லை) அடுத்த வேலைக்குப் போய்விடும். ஏன் என்று கேட்டால், "லைன் நிக்கக் கூடாதுண்ணே" என்பார்கள்.

அந்தப் பயம் நியாயமானதுதான். மெஷின் நின்றால் சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நின்றுவிடுவார். நிற்க வேண்டிய மெஷின் ஏன் நிற்கவில்லை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஒரு தொழிற்சாலையில் பார்த்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். சிப் டெஸ்ட் செய்யும் மென்பொருள், ஒவ்வொரு லாட்டும் (ஒன்றாக வரும் சிப்புகளின் தொகுதி) மாறும்போது அந்த ரகத்துக்கான அளவு வரம்புகளை ஒரு கோப்பிலிருந்து படிக்க வேண்டும். ஒரு நாள் இரவு ஷிப்டில் கோப்பு பாதியில் வெட்டுப்பட்டு வந்தது. எக்செப்ஷன் (எரர் என்ற அறிவிப்பு) எழுந்தது, கேட்ச் அதை விழுங்கியது. மெமரியில் இருந்ததோ முந்தைய ரகத்தின் வரம்புகள், அவை இன்னும் தளர்வானவை. திரையில் விடிய விடியப் பச்சை. யீல்டு (தேறும் சிப்புகளின் விகிதம்) வழக்கத்தைவிட நன்றாக இருக்கிறதே என்று காலையில் ஒரு இஞ்சினியருக்குச் சந்தேகம் வந்ததால் தப்பித்தார்கள். லாட் முழுவதையும் நிறுத்திவைத்து மறுபடி டெஸ்ட் செய்தார்கள். இரவே மெஷின் நின்றிருந்தால் கோப்பை மறுபடி அனுப்பும் நேரம்தான் போயிருக்கும்.

எரர்களில் இரண்டு வகை உண்டு. நெட்வொர்க் அறுந்தது, ஆபரேட்டர் தப்பான எண்ணைத் தட்டினார், பார்கோடு படியவில்லை. இவையெல்லாம் நடக்கும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். பிடியுங்கள், மறுபடி முயலுங்கள், ஆளிடம் கேளுங்கள். இன்னொன்று, நடக்கவே முடியாது என்று நாம் நினைத்தது நடந்துவிடுவது: மெமரி தீர்ந்தது, ஸ்டாக் (நிரலின் ஒரு பகுதி இன்னொன்றைக் கூப்பிடுவதைக் குறித்துவைக்கும் இடம்) நிரம்பியது, எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போனது. அங்கே மெமரியில் இருக்கும் எதையும் நம்ப முடியாது. மேற்கொண்டு அது எழுதும் ஒவ்வொரு வரியும் தப்பாக இருக்கலாம். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் அதை டேப் ஒட்டித் தூக்கி நிறுத்தி வைப்போமா?

மொழிகளே இந்தப் பிரிவைச் சொல்லித் தருகின்றன. ரஸ்ட் மொழியில் முதல் வகைக்கு ரிசல்ட் (வெற்றியா எரரா என்று சொல்லும் விடை), இரண்டாவதற்குப் பானிக் (மேற்கொண்டு ஓடாமல் விழுவது). ஜாவாவில் 'எரர்' என்ற கிளாஸ், சாதாரண புரோகிராம் பிடிக்க முயலக் கூடாதவற்றுக்கென்றே தனியாக இருக்கிறது. பைத்தானில் பெயர் எதுவும் போடாமல் வெறும் 'எக்செப்ட்' (அங்கே கேட்சுக்கு அதுதான் பெயர்) எழுதினால், புரோகிராமை நிறுத்த நாம் அழுத்தும் கண்ட்ரோல்-சி கூட அதற்குள் சிக்கிக்கொள்ளும். நிறுத்த முடியாத புரோகிராமைப் பார்த்தால் முதலில் அதைத் தேடுவேன்.

பெரிய ஆட்களும் இதைக் கற்றுக்கொண்டுதான் வந்தார்கள். டேட்டாவை டிஸ்க்கில் உறுதியாக எழுதச் சொல்லும் எஃப்சிங்க் தோற்றால், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் முன்பு மறுபடி முயன்று பார்க்கும். லினக்ஸில் அந்த இரண்டாவது முயற்சி, டேட்டா போய்ச் சேராமலேயே, 'சரி' என்று திரும்பிவிடக்கூடும் என்பது 2018இல் பெரிய விவாதமானது. 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகளிலிருந்து, எஃப்சிங்க் தோற்றால் டேட்டாபேஸ் பானிக் ஆகி விழும். பிறகு எழுந்து, தன் பதிவேட்டிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுக்கொள்ளும்.

சரி, எப்படி விழுவது? சீக்கிரம், தடயத்தோடு. சி ஷார்ப்பில் ஃபெயில்ஃபாஸ்ட் என்று ஒரு மெத்தட் உண்டு. அது ஃபைனலி பிளாக்குகளைக்கூட (எரர் வந்தாலும் கடைசியில் ஓட வேண்டிய வரிகள்) ஓட்டாது, விண்டோஸ் ஈவென்ட் லாக்கில் எழுதிவிட்டு வெளியேறும். ஃபைனலியை ஓட்டாதது முரட்டுத்தனமாகத் தெரியும், ஆனால் அதுதான் பாதுகாப்பு. கெட்டுப்போன நிலையை 'சேவ்' செய்துவிட்டுச் சாகும் புரோகிராம், எழுந்ததும் அதையே படித்து மறுபடி சாகும். ஜாவாவில் மெமரி தீர்ந்தால் ஹீப் டம்ப் (அப்போது மெமரியில் இருந்தவற்றின் நகல்) எழுதவும் உடனே வெளியேறவும் தனித்தனி ஆப்ஷன்கள் இருக்கின்றன. இரண்டையும் போட்டுவையுங்கள், டம்ப் எழுத டிஸ்க்கில் இடமிருக்கிறதா என்றும் பாருங்கள்.

விழுந்ததை எழுப்புவது வெளியே இருக்கும் இன்னொன்றின் வேலை. அதற்கும் எல்லை உண்டு. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில், 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது கொள்ளாமல் எரர் வந்தது. வழிகாட்டும் கணினி, வடிவமைத்தபடியே, தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கணினி இருந்தது. ஆனால் அதிலும் அதே நிரல்தான், அது சற்று முன்பே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. கிளம்பி நாற்பது விநாடிக்குள் ராக்கெட் சிதறியது. இத்தனைக்கும் அந்தக் கணக்கு, ராக்கெட் தரையை விட்டபின் தேவையே இல்லாதது. ஹார்டுவேர் பழுதுக்கு மாற்றுக் கணினி உதவும், நிரலில் இருக்கும் பக்குக்கு (பிழைக்கு) உதவாது. ஆகவே நகரும் கை, சூடாகும் அடுப்பு, பறக்கும் பொருள் என்றால், "விழுந்தால் எந்த நிலையில் நிற்கும்?" என்பதை முதலில் எழுதிவைக்க வேண்டும். மெஷினில் அந்தப் பொறுப்பு ஹார்டுவேர் இன்டர்லாக்கிடம் (மென்பொருளை நம்பாமல் மெஷினை நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு) இருக்கட்டும், செத்துக்கொண்டிருக்கும் மென்பொருளிடம் வேண்டாம்.

ரீஸ்டார்ட்டுக்கும் எண்ணிக்கை வையுங்கள். அடுத்தடுத்து சில முறை விழுந்தால் அப்புறம் எழுப்ப வேண்டாம், ஆளைக் கூப்பிடட்டும். திரையில் எந்த லாட், எந்தப் பீஸ்வரை நம்பலாம், யாரை அழைப்பது என்று ஆபரேட்டருக்குப் புரியும் மலாயில் பெரிதாகப் போடுங்கள். 'அன்எக்ஸ்பெக்டட் எரர்' என்று ஒரு சின்ன பெட்டியும் கீழே ஓகே பட்டனும் வைத்தால், அவர் ஓகேயைத்தான் அமுக்குவார்.